தலைவாசல் கதவுக்கு நாமே பெயிண்ட் பூசுவது: கீழ் விளிம்பிலிருந்து தொடங்குங்கள்

மேற்குப் பார்த்த வீடு, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட தேக்குக் கதவு, இரண்டு ஆண்டுக்கு முன் ஆள் வைத்து அடித்த பழுப்பு எனாமல் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் செதில் செதிலாக உரிந்துவிட்டது, இந்த முறை நானே பூசலாம் என்று இருக்கிறேன், எந்த பெயிண்ட் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மரவேலைப் பட்டறையில் வளர்ந்தவன். கதவு செய்வதும் பழைய கதவுகளைச் செப்பனிடுவதும் என் தொழில். பெயிண்டின் பெயரைக் கடைசியாக முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் கதவுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வழியை அடைக்காமல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் பூசினாலும் இரண்டொரு மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் உரியும்.

கதவைத் திறந்து வைத்து, அதன் அடியில் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பு வெறும் மரமாகவே, பெயிண்ட் படாமல் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். தொங்குகிற கதவில் வேலை செய்பவரின் பிரஷ் அங்கே எட்டாது. எட்டாத இடத்தை யாரும் பார்ப்பதும் இல்லை. ஆனால் நெட்டுச் சட்டங்கள் இரண்டின் வெட்டுமுனையும் அங்கேதான் தரையைப் பார்த்தபடி இருக்கின்றன. வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுபோன நுண்குழாய்கள்தாம் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன என்பதால், வெட்டுமுனையானது பலகையின் முகப்பைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். நம் வீடுகளில் அதிகாலையில் வாசல் தெளிக்கிறோம், வெள்ளிக்கிழமை படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம், மழைச் சாரலும் அடிக்கிறது. காலையில் அடிவழியாக ஏறிய ஈரம், பிற்பகலில் மேற்கு வெயில் முகத்தில் அறையும்போது ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது. எனாமல் படலம் அதைத் தடுப்பதால் படலத்தையே மரத்திலிருந்து நெம்பிக் கிளப்பிவிடுகிறது. கீழே ஒரு முழம் மட்டும் உரிந்திருக்கிறது, மேலே நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதே இதற்குப் போதுமான அடையாளம்.

இதை உறுதிசெய்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. இன்னும் உரியாமல் கொப்புளமாக எழும்பியிருக்கும் இடம் ஒன்றைக் கூரான கத்தியால் வெட்டித் திறந்து பாருங்கள். கொப்புளத்தின் பின்னே வெறும் மரம் தெரிந்தால் ஈரம் மரத்துக்குள்ளிருந்து வந்திருக்கிறது. மரத்துக்குப் பதிலாகப் பழைய பெயிண்ட் பூச்சு தெரிந்தால், மேல்பூச்சு சரியாகக் காய்வதற்குள் வெயில் சூடு அதைக் கிளப்பியிருக்கிறது, அல்லது பழைய பூச்சைத் தேய்க்காமலேயே அதன் மேல் அடித்திருக்கிறார்கள். முதலாவதாக இருந்தால் கதவைக் கழற்றி அடியை மூடியே ஆக வேண்டும். இரண்டாவதாக இருந்தால் வேலை பாதியாகக் குறையும். சாவி முனையாலோ திருப்புளியாலோ கீழ்ச் சட்டத்தை அங்கங்கே குத்தியும் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கு எளிதில் மக்காது. ஆனால் சட்டத்தின் ஓரத்தில் வெளிறு (வைரம் பாயாத வெளிப்புற மரம்) இருந்தால் அந்தப் பகுதி மெதுமெதுவென்று உள்ளே போகும். அங்கே நிலைக்காலின் அடியில் கரையான் மண் தடம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மக்கிய மரத்தின் மேல் பெயிண்ட் பூசுவதில் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து வேறு மரம் பொருத்த ஒரு தச்சரை அழைப்பதே முறை.

பழைய பூச்சில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவின் அடிப்பூச்சுகள் அதற்கு முந்தைய காலத்தவை. குறிப்பாக, வாசற்படிக்கு மஞ்சள் பூசியது போல இருக்கட்டும் என்று அடிக்கப்பட்ட மஞ்சள் எனாமலைக் கவனமாகக் கையாளுங்கள்; பழைய மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயக் குரோமேட் நிறமியாகச் சேர்க்கப்பட்டு வந்தது. குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும் இடம் அது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், நெருப்புக் காட்டி எரித்துச் சுரண்டாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு எமெரி தாளைப் பயன்படுத்துங்கள், தரையில் பாலித்தீன் விரித்துச் செதில்களை அதிலேயே சேர்த்துக் கட்டுங்கள், துணி முகமூடிக்குப் பதிலாக என்-95 அணியுங்கள், குழந்தைகளையும் கருவுற்றிருப்பவர்களையும் அந்தப் பக்கம் வர விடாதீர்கள். வேலைக்குப் போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கதவு உப்பிப் பிடித்துக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்போது பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் மாசி, பங்குனி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. மரம் நன்றாக உலர்ந்திருக்கும், சித்திரை வெயிலின் கடுமையும் இராது. பொங்கலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லா வீட்டிலும் உண்டு. மார்கழிப் பனி விழும் காலையில் பூசிய எனாமல் பளபளப்பு மங்கிப் பால் படிந்தது போலாகிவிடும் என்பதால், இயன்றால் பொங்கலைக் கடந்து போகட்டும். மேற்குப் பார்த்த கதவுக்கு வெயில் மதியத்துக்கு மேல்தான் வரும். எனவே காலை எட்டு மணி வாக்கில், இரவுப் பனி முழுதும் காய்ந்த பிறகு தொடங்கி, மதியத்துக்குள் அன்றைய பூச்சை முடித்துவிடுங்கள். நேர் வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி அடியில் ஈரமாக நிற்கும். அதுவே பின்னால் சுருக்கமும் கொப்புளமும் ஆகிறது.

கதவைக் கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். தேக்குக் கதவு பார்ப்பதைவிடக் கனமானது. கீழே ஆப்பு வைத்து எடையைத் தாங்கிய பிறகு, கீழ்க் கீலின் திருகுகளை முதலில் கழற்றிவிட்டு மேல்கீலைக் கடைசியாக விடுங்கள். தாழ்ப்பாள், நாதாங்கி, பூட்டு, கைப்பிடி, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் கழற்றி, எந்தத் திருகு எதற்கு உரியது என்று உறையில் எழுதி வையுங்கள். பித்தளைச் சாமான்களின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டிவிடும் பழக்கம் எனக்குத் தாங்க முடியாத ஒன்று. அரை மணி நேரத்தில் கழற்றக்கூடியதை எனாமலில் புதைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. நிலையின் மேற்சட்டத்தில் கஜலட்சுமியோ கொடி வேலைப்பாடோ செதுக்கியிருந்தால் அந்தப் பகுதிக்கு எனாமல் வேண்டாம். ஒவ்வொரு பூச்சும் செதுக்கலின் ஆழத்தைக் கொஞ்சம் நிரப்பும். ஐந்தாறு முறை அடித்த பிறகு முகமே தெரியாமல் போன சிற்பங்களைப் பழைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மிக மெல்லியதாகத் தெளிவார்னிஷ் கொடுத்தால் போதும்.

அடுத்தது கழுவுதல். தலைவாசல் கதவில் விளக்குப் புகை, சந்தனம், குங்குமம், கை எண்ணெய் எல்லாம் படிந்திருக்கும். இவற்றைப் போக்காமல் தேய்த்தால் எண்ணெய் மரத்துக்குள் இழுக்கப்பட்டு, புதிய பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர விடுங்கள். பழைய பெயிண்டை ஒரே நாளில் நீக்கிவிடலாம் என்று காஸ்டிக் சோடா தடவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தேக்கைக் கறுப்பாக்கும், மரத்தின் நாரையும் சேதப்படுத்தும். காடியிலும் (பலகை உட்காருவதற்காகச் சட்டத்தில் வெட்டிய பள்ளம்) பொருத்துகளிலும் தங்கிய மிச்சம் எண்ணெய் சார்ந்த புதிய எனாமலை அடியிலிருந்து சோப்புபோல ஆக்கிக் கழற்றிவிடும். முழுதும் நீக்கியே ஆக வேண்டும் என்றால் காற்றோட்டமான திறந்த வெளியில், கையுறை அணிந்து, கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் முழுதும் நீக்க வேண்டுமா என்பதை முதலில் சோதித்துவிடுங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றும் பகுதியில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல்கள் போட்டு, அதன் மேல் நல்ல ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் நாடாவோடு வந்துவிட்டால் அந்தப் பூச்சை நம்ப முடியாது. வராவிட்டால் அது உங்கள் புதிய பெயிண்டுக்கு நல்ல அடித்தளம். அதை அழிப்பது வீண் வேலை. உரிந்த பகுதியை மட்டும் பட்டித்தகட்டால் சுரண்டி, பழைய பூச்சின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாகத் தேய்த்து இறக்குங்கள். 120 எண் எமெரி தாளில் தொடங்கி 180-இல் முடிக்கலாம். எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே போனால் அந்தக் கீறல்கள் பளபளப்பான எனாமலுக்கு அடியில் அப்படியே தெரியும். நன்றாக இருக்கும் பழைய எனாமலையும் பளபளப்பு போகும் வரை ஒரு முறை தேய்த்தே ஆக வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது பிரைமர் (எனாமலுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) ஒட்டுவதையும் காய்வதையும் தாமதப்படுத்தும். வெறும் மரம் தெரியும் இடங்களை, பிரைமர் பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும்.

இனி, நான் முதலில் சொன்ன கீழ் விளிம்பு. கதவை இரண்டு முக்காலியின் மேல் கிடத்தி, கீழ், மேல் இரு வெட்டுமுனைகளுக்கும் பிரைமரைச் சற்று நீர்க்கக் கலந்து ஊற ஊறக் கொடுங்கள். மரம் குடித்துக்கொண்டே இருக்கும். அது காய்ந்ததும் இரண்டாவது கை (பூச்சு), மறுநாள் மூன்றாவது கை, அதன் மேல் எனாமல் இரண்டு கை. கதவு முகப்பில் தவறு நேர்ந்தால் அடுத்த ஆண்டு திருத்தலாம். இந்த விளிம்பை மட்டும் இப்போதே முழுமையாகச் செய்துவிடுங்கள். கதவுக்கும் படிக்கும் இடையே ஒரு நாணயம் தாராளமாக நுழையும் இடைவெளி இல்லையென்றால், பூசும் முன்பே இழைப்புளியால் சீவிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு சீவினால் மூடிய வாயைத் திரும்பத் திறந்ததாகிவிடும். நிலைக்கால் படியில் உட்காரும் மூலையிலும் பிரைமர் நன்றாக இறங்கட்டும்.

பிரைமர் பூசிய பிறகுதான் ஓட்டை, கீறல்களை நிரப்பும் பட்டி. இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் பலர். வெறும் மரம் பட்டியில் உள்ள எண்ணெயை உறிஞ்சிவிடுவதால் அது பொடியாகிச் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். சுவருக்குப் பூசும் சிமெண்ட் பட்டியை மரத்தில் வைக்கவே கூடாது. மரம் சுருங்கி விரியும்போது அது கூட வராமல் வெடித்து விழும். மரத்துக்கென்று விற்கும் பட்டியை ஆணி ஓட்டைக்கும் கீறலுக்கும் மட்டும் வைத்து, காய்ந்த பின் 220 எண் தாளால் தேய்த்து, பட்டி வைத்த இடங்களுக்கு இன்னொரு கை பிரைமர் கொடுங்கள். துருப்பிடித்த ஆணித் தலை இருந்தால் துருவைச் சுரண்டி முதலில் துருத் தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு தடவுங்கள்.

பட்டி வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. உங்கள் கதவில் சட்டங்களுக்கு நடுவே இருக்கும் பலகைகள் பசையிட்டு ஒட்டப்பட்டவை அல்ல. சட்டத்தின் காடியில் தளர்வாக உட்கார்ந்திருக்கின்றன. மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் ஓரிரு மில்லிமீட்டர் விரியும், கோடையில் சுருங்கும். அதற்காகத்தான் தச்சர் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார். தொழில் கற்ற புதிதில், அந்தக் கோடு அழகாக இல்லை என்று ஒரு வீட்டுக் கதவின் காடி முழுவதையும் நான் கெட்டிப் பட்டியால் அடைத்துவிட்டேன். ஐப்பசியில் செய்த வேலை அது. பங்குனியில் அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காட்டியபோது நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. சுருங்க இடமில்லாத பலகை வேறென்ன செய்யும். என் செலவில் புதுப்பலகை செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து காடியில் மெல்லிய பூச்சுக்கு மேல் எதையும் வைப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேக்கின் ரேகை தெரிய வேண்டும் என்று தெளிவார்னிஷ் பூச நினைப்பவர்களுக்கு ஒரு விவரம்: வெயிலின் புறஊதாக் கதிர் தெளிவான படலத்தை ஊடுருவி, மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. படலம் நன்றாக இருந்தாலும் அது பற்றியிருக்கும் மரத்தோல் கெட்டுவிடுவதால் முழுதும் உரிந்துவரும். மேற்கு வெயில் நேராக விழும் கதவில் தெளிவான பாலியூரிதேன் வார்னிஷ் பூசினால், அது வெளிப்புறத்துக்கென்று புறஊதாத் தடுப்பு சேர்த்ததாக இருந்தாலும், ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை லேசாகத் தேய்த்து மறுபூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். மெலமைன் என்ற தெளிவான பூச்சு வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு உரியது. அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்யும் பிரெஞ்ச் பாலிஷ் அழகானதுதான், ஆனால் மழைத்துளி பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும். நிறமி உள்ள எனாமல் கதிரை முகத்திலேயே நிறுத்திவிடுகிறது; ஆகவே உங்கள் கதவின் வெளிப்பக்கத்துக்கு எனாமலே பொருத்தம். ரேகையின் மேல் ஆசை இருந்தால் உள்பக்கத்துக்கு வார்னிஷ் கொடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கதிர் படாது. எந்தப் பூச்சானாலும் இரு பக்கமும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம்; ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் கதவு ஒரு பக்கமாக வளையும்.

எனாமலில் எண்ணெய் வகை, தண்ணீர் வகை இரண்டும் இப்போது கிடைக்கின்றன. எண்ணெய் வகை கெட்டியான பளபளப்பும் நல்ல வழவழப்பும் தரும், ஆனால் காய ஓர் இரவு வேண்டும், வாடை நாட்கணக்கில் நிற்கும், வெள்ளை நிறமென்றால் நிழலில் மஞ்சளாகும். தண்ணீர் வகை சில மணி நேரத்தில் கை தொடும்படி காய்ந்துவிடும், வாடை குறைவு, மெதுவாக அசையும் மரத்தோடு கூடவே இசைந்து கொடுக்கும். தலைவாசல் கதவை இரவில் பூட்டியே ஆக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, வீட்டில் தானாகச் செய்பவர்களுக்கு நான் தண்ணீர் வகையைச் சொல்கிறேன். பழைய எண்ணெய் எனாமலின் மேல் அதைப் பூசுவதாயின் தேய்ப்பில் குறை வைக்காதீர்கள். நிறத்தில் கரும்பழுப்பைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அடர்நிறம் மேற்கு வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி மரத்தின் அசைவைக் கூட்டுகிறது. ஏழடிக்கு மூன்றரை அடிக் கதவின் இரு பக்கமும் நிலையும் சேர்ந்து இரண்டு கைக்கு ஒரு லிட்டர் எனாமல் ஏறக்குறையப் போதும், பிரைமர் அரை லிட்டர்.

பூசும் அன்று வாசலில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிக்கொள்ளுங்கள். டப்பாவை அடியிலிருந்து குச்சியால் மெதுவாகக் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தேவையான அளவை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, இரண்டு அங்குல பிரஷ்ஷின் மயிரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தோய்த்துப் பூசுங்கள். முதலில் பலகைகளும் அவற்றைச் சுற்றிய காடி ஓரமும், பிறகு நடுச்சட்டம், அடுத்து குறுக்குச் சட்டங்கள், கடைசியாக நெட்டுச் சட்டங்கள். மரம் பொருத்தப்பட்டிருக்கும் முறையையே இந்த வரிசை பின்பற்றுகிறது; ஒவ்வொரு பொருத்திலும் முன்னதன் பிரஷ் கோட்டைப் பின்னது வெட்டி முடிப்பதால், பூச்சிலும் தச்சரின் இணைப்பு நேராகத் தெரியும். பூசியதும் ரேகையின் போக்கில், உலர்ந்த பக்கத்திலிருந்து ஈரமான பக்கத்தை நோக்கி மெல்ல ஒரு முறை இழுத்து முடியுங்கள். இறுக ஆரம்பித்த பூச்சை மறுபடியும் தொடாதீர்கள். தடிமனாக ஒரு கை பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு கை பூசுவதே உறுதி. இரண்டுக்கும் நடுவே 320 எண் தாளால் லேசாகத் தடவித் தூசியைத் துடையுங்கள்.

கதவைப் பூட்ட வேண்டிய சிக்கலுக்கு ஒரே வழி, நாள் பிரித்துச் செய்வதுதான். முதல் நாள் காலையில் நிலையோடு உரசும் விளிம்புகளும் உள்பக்கமும், மறுநாள் வெளிப்பக்கம், என்று வைத்துக்கொண்டால் இரவுக்குள் உரசும் பகுதிகள் காய்ந்திருக்கும். அப்படியும் புதிய பெயிண்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது; முதல் ஒரு வாரம் விளிம்புகளில் முகப்பவுடரை மெல்லியதாகத் தடவி வைத்தால் காலையில் கதவைப் பிய்த்துத் திறக்க வேண்டியிராது. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே முழுதும் இறுக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை படியில் மஞ்சளும் குங்குமமும் வைக்காதீர்கள். இளம் பூச்சில் மஞ்சள் இறங்கினால் கறை போகாது. தோரணத்தையும் கதவின் மேல் ஆணி அடித்துத் தொங்கவிடாமல் நிலைக்கு மேலே சுவரில் கட்டுங்கள். ஒவ்வொரு ஆணி ஓட்டையும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை காயும்போது உண்டாகும் சூடு குவியலுக்குள் அடைபட்டுத் தானாகத் தீப்பற்றும். விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை தீபம் முடிந்து மழை ஓய்ந்ததும், கதவடியில் அந்தச் சிறு கண்ணாடியை வைத்து ஒரு முறை பாருங்கள். கீழ் விளிம்பில் கீறலோ தேய்மானமோ தெரிந்தால், மரம் உலரும்வரை தை வரை காத்திருந்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பிரைமரும் எனாமலும் தொட்டுவிடுங்கள். வாசல் தெளிக்கும்போது தண்ணீரைக் கதவின் மேல் படாமல் வெளிநோக்கித் தெளிக்கும்படி வீட்டில் சொல்லி வையுங்கள்.